அகஸ்டாவின் இரு வீடுகள்

அரண்மனைகள் நிற்கின்றன, அவற்றைக் கட்டியவனின் குடிசை நிற்பதில்லை. கோட்டைகளுக்குக் காவல் உண்டு. கொல்லன் குடியிருந்த வீடு மண்ணோடு மண்ணாகிறது. ஆகவேதான் வரலாறு என்றதும் முடியும் வாளும் நம் கண்முன் தோன்றுகின்றன; கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் தோன்றுவதில்லை. இந்த வழக்கத்திற்கு மாறாக, ஓர் ஆசிரியை வாழ்ந்த வீடு ஒரு மக்களினத்தின் வரலாற்றுக் கூடமாக எழுந்த செய்தியை இங்கே காண்போம். இடம்: அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில், சவானா ஆற்றங்கரையில் அமைந்த அகஸ்டா நகரம்.

அந்நகரில் நினைவிடங்களாக்கப்பட்ட வீடுகளுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஏழாவது தெருவில் உள்ள செங்கல் வீடு. அமெரிக்காவின் 28ஆவது குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் சிறுவனாய் வளர்ந்த இடம் அது. 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மற்றொன்று, பிலிப்ஸ் தெருவின் 1116ஆம் எண் வீடு. லூசி கிராஃப்ட் லேனி என்னும் கருப்பின ஆசிரியை வாழ்ந்த இடம் அது. 1991இல் கருப்பின மக்களின் வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. லேனி பிறந்தது 1854இல். வில்சன் பிறந்தது 1856இல். இருவரின் தந்தையரும் பிரெஸ்பிட்டீரியன் என்னும் ஒரே கிறித்தவப் பிரிவின் போதகர்கள். வயதில் இரண்டாண்டு வேறுபாடு. வாழ்விலோ இரண்டு உலகங்களின் வேறுபாடு! அந்த வேறுபாட்டை வகுத்தது யார்? ஆண்டவனா? அறிவின் அளவா? அல்ல, அல்ல! மனிதன் எழுதி மனிதன் கையொப்பமிட்ட சட்டம்.

1861ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வில்சனின் தந்தை ஜோசப் வில்சன், அகஸ்டாவின் முதல் பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையில் நின்று ஒரு சொற்பொழிவாற்றினார். ஆண்டைக்கும் அடிமைக்கும் உள்ள உறவைப் பற்றி விவிலியம் கூறுவது என்ன என்பதே பொருள். அடிமை முறை வேதத்திற்கு ஒத்ததே என்பது அவர் கண்ட முடிவு. சொற்பொழிவு அச்சேறியது; ஊரெங்கும் பரவியது. அவ்வாண்டிலேயே அடிமை முறையைக் காக்கத் தென்மாநிலங்கள் துப்பாக்கி தூக்கின.

அந்த நாளில் அதே ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் லேனி ஆறு வயதுச் சிறுமி. அவருடைய தந்தை டேவிட் லேனி ஒரு தச்சர். அடிமையாய் வாழ்ந்து, உழைத்துச் சேர்த்த பொருளைக் கொட்டிக் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டவர். பின்னர் மனைவி லூயிசாவையும் விலை கொடுத்து மீட்டவர். தன்னைத் தானே விலைக்கு வாங்குவது! உலகின் எந்தச் சந்தையிலாவது இதனினும் கொடிய வாணிபம் நடந்ததுண்டா? தன் கையும் காலும் தனக்குச் சொந்தமாவதற்கு ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குப் பணம் கட்டினான். பெற்றுக்கொண்டவன் கோவிலுக்குச் சென்று வழிபட்டான்.

உடலை வாங்கியாயிற்று. எழுத்தை வாங்க முடிந்ததா? முடியவில்லை. அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. 1829இல் பாஸ்டன் நகரத்துப் பழைய துணி வணிகர் டேவிட் வாக்கர் என்னும் கருப்பினத்தவர், அடிமைகளைத் தட்டியெழுப்பும் சிறு நூலொன்றை வெளியிட்டார். அதன் படிகள் கப்பல் வழியே ஜார்ஜியாவின் சவானா துறைமுகத்தை அடைந்தன. ஆதிக்கக்காரர்கள் அஞ்சி நடுங்கினர். பீரங்கிக்கு அஞ்சாதவர்கள் ஒரு சிறு நூலுக்கு அஞ்சினர்! அவ்வாண்டு முடிவதற்குள் சட்டமன்றம் கூடிச் சட்டம் செய்தது. அடிமைக்கு மட்டுமன்று, விடுதலை பெற்ற கருப்பருக்கும் எழுதப் படிக்கக் கற்பித்தல் குற்றம்; கற்பித்தவர் கருப்பரானால் தண்டத்தொகையோ கசையடியோ இரண்டுமோ; வெள்ளையரானால் தண்டத்தொகையும் சிறையும். கல்வி பயனற்றது என்று எந்த ஆதிக்கவாதியும் உள்ளத்தில் நம்புவதில்லை, தோழர்களே! பயனற்ற ஒன்றைத் தடுக்கக் கசை எதற்கு?

அந்தச் சட்டம் உயிரோடிருந்த காலத்திலேயே லேனி நான்கு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டார். தாய் பணிப்பெண்ணாயிருந்த கேம்பெல் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் சிறுமியின் அறிவுவேட்கையைக் கண்டு அவ்வீட்டு நூலகத்தைத் திறந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் லேனி இலத்தீன் மொழியில் சீசர் எழுதிய போர்க் குறிப்புகளை மொழிபெயர்க்கும் ஆற்றல் பெற்றிருந்தார்.

போர் முடிந்தது. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கருப்பின மக்கள் முதலில் தேடியது பள்ளியை. பேரனும் பாட்டனும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துக் கற்ற காலம் அது. புதிதாய்த் தோன்றிய அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் 1869இல் சேர்ந்த லேனி, 1873இல் அதன் முதல் தேர்ச்சி அணியில் ஆசிரியப் பயிற்சி முடித்து வெளியேறினார். ஆனால் அங்கும் ஒரு பூட்டு இருந்தது. கிரேக்கமும் இலத்தீனும் அடங்கிய உயர் இலக்கியப் படிப்பு ஆடவர்க்கு மட்டுமே. பெண்டிர்க்கு ஆசிரியப் பயிற்சியே போதும் என்பது விதி. சீசரைப் பன்னிரண்டு வயதில் படித்த பெண்ணுக்கு இலத்தீன் வகுப்பு இல்லை! நிறம் ஒரு விலங்கு. பால் மற்றொரு விலங்கு. முதல் விலங்கை உடைக்க வந்த கல்விக்கூடத்திலும் இரண்டாவது விலங்கு சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதே 1873ஆம் ஆண்டில்தான், கடல்களுக்கு இப்பால் புனே நகரில், மகாத்மா ஜோதிராவ் ஃபுலே 'குலாம்கிரி' என்னும் நூலை வெளியிட்டார். நீக்ரோ அடிமை முறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க நன்மக்களுக்கே அந்நூலைக் காணிக்கையாக்கினார். அடக்கப்பட்டவனின் செவிக்குத் தொலைவு ஒரு தடையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மேக்கன், மில்லட்ஜ்வில், சவானா, அகஸ்டா என ஊர் ஊராய்ப் பத்தாண்டுக் காலம் லேனி ஆசிரியப் பணி புரிந்தார். பின்னர் 1883இல் அகஸ்டாவில் ஒரு திருச்சபைக் கட்டடத்தின் நிலவறையில் தம் சொந்தப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் வந்த மாணவர் அறுவர். பெண்களுக்கென்றே தொடங்கிய பள்ளி. ஆனால் ஏழைச் சிறுவர்களும் வாயிலில் வந்து நின்றார்கள். அவர்களைத் திருப்பியனுப்ப லேனிக்கு மனம் வரவில்லை. இரண்டாண்டு முடிவதற்குள் மாணவர் எண்ணிக்கை 234 ஆயிற்று. 1886இல் பள்ளி அரசுப் பதிவு பெற்றது. கட்டடம் வேண்டும், நூல் வேண்டும், ஆசிரியர்க்குச் சம்பளம் வேண்டும். தம் சமயப் பிரிவின் பேரவை மின்னியாபொலிஸ் நகரில் கூடுவதறிந்து, அங்கே சென்று தம் மாணவர்க்காக வாதாடினார். பேரவை அளித்தது என்ன? ஊர் திரும்பும் வழிச்செலவு! அங்கே ஹெய்ன்ஸ் என்னும் அம்மையார் ஒருவர் மனமிரங்கித் துணை நின்றார். அவர் பெயரையே லேனி தம் பள்ளிக்குச் சூட்டினார். அதுவே ஹெய்ன்ஸ் ஆசிரியப் பயிற்சி மற்றும் தொழிற்கல்வி நிலையம்.

பகுத்தறிவாளர் ஒன்றை மறைக்கத் தேவையில்லை. லேனி சமயப் பற்றுள்ளவர்; பள்ளி முளைத்ததும் ஒரு திருச்சபையின் அடியில்தான். ஆனால் ஒரே சமயத்தின் மேடை அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியது. நிலவறையோ அடிமையின் மகளுக்கு எழுத்து வழங்கியது. ஆகவே நூல் என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது. அதைக் கையில் வைத்திருப்பவன் யார் பக்கம் நிற்கிறான் என்றும் கேட்க வேண்டும்.

பெயரில் 'தொழிற்கல்வி' இருந்தது. அக்காலத்தில் வடநாட்டுச் செல்வரின் நன்கொடைப் பெட்டியைத் திறக்கும் சாவி அந்தச் சொல். கருப்பனுக்குக் கைத்தொழில் போதும், கலை எதற்கு, கணிதம் எதற்கு என்று செல்வர்கள் எண்ணினர். லேனி தொழிலும் கற்பித்தார். செவிலியர் பயிற்சியும் குழந்தைகளுக்கான முன்பள்ளியும் தொடங்கினார். ஆனால் அவற்றோடு இலத்தீனும் இயற்கணிதமும் வரலாறும் கற்பித்தார். இலத்தீன் வகுப்பைத் தாமே எடுத்தார். காரணம் உண்டு. அடிமை முறையின் பெருந்தளபதியாய் விளங்கிய ஜான் கால்ஹூன், கிரேக்க இலக்கணம் அறிந்த நீக்ரோ ஒருவனைக் காட்டினால் அவ்வினத்தையும் மனித இனம் என்று ஒப்புவேன் எனக் கூறியதாக அலெக்சாண்டர் கிரம்மெல் என்னும் கருப்பின அறிஞர் 1897இல் எடுத்துரைத்தார். கற்பிப்பவனுக்குக் கசையடி என்று சட்டம் செய்துவிட்டு, கற்றவன் எங்கே என்று கேட்கும் கயமையைப் பாருங்கள்! கிரம்மெல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சென்று கிரேக்கம் கற்று விடையிறுத்தார். லேனியோ அகஸ்டாவின் ஏழைப் பிள்ளைகளைப் பலகையில் அமர்த்தி ஒவ்வொரு காலையும் விடையிறுத்தார்.

இனி, இந்த வரலாற்றின் நெஞ்சைப் புண்ணாக்கும் பகுதிக்கு வருவோம். அகஸ்டாவில் கருப்பின மாணவர்க்கென வேர் உயர்நிலைப் பள்ளி என்னும் பொதுப்பள்ளி 1880 முதல் நடந்து வந்தது. 1897இல் கல்வி வாரியம் அதை மூடிற்று. பணமில்லை, தொடக்கப் பள்ளிக்கு இடம் வேண்டும், ஆகவே அறுபது பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளியை மூடுகிறோம் என்றது. வெள்ளை மாணவியர்க்கான உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டதா? இல்லை. வெள்ளை மாணவர் பள்ளிக்கு அளித்த உதவி நிறுத்தப்பட்டதா? அதுவும் இல்லை. கமிங், ஹார்ப்பர், லடெவீஸ் என்னும் கருப்பினத் தந்தையர் மூவர் வழக்குத் தொடுத்தனர். எங்களிடம் வரி வாங்குகிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் பள்ளி இல்லை என்று கேட்டனர்.

வாரியம் இறுத்த விடையைக் கேளுங்கள். நகரில் கருப்பின மாணவர்க்குத் தனியார் உயர்நிலைப் பள்ளிகள் மூன்று உள்ளன. வேர் பள்ளியின் கட்டணத்திற்கு மேற்படாத கட்டணத்தில் அங்கே படிக்கலாம். ஆகவே எவர்க்கும் இழப்பில்லை என்றது! அந்த மூன்றுள் ஒன்று எது? லேனியின் ஹெய்ன்ஸ் பள்ளி! அரசு செய்யாததால் தாமே செய்தார் ஒரு பெண். அவர் செய்துவிட்டார் என்பதையே காரணமாக்கி, செய்து வந்த சிறிதையும் நிறுத்திக்கொண்டது அரசு. பசித்தவன் தன் வயலில் நான்கு கீரை நட்டான். 'உனக்குத்தான் கீரை இருக்கிறதே' என்று சொல்லி அவன் பங்குச் சோற்றைப் பிடுங்கிக்கொண்டான் பண்ணைக்காரன்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1899 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஒருமுகமாய் வாரியத்தின் பக்கம் நின்றனர். தீர்ப்பை எழுதியவர் ஜான் மார்ஷல் ஹார்லன். யார் அவர்? 1896இல் புகைவண்டிப் பெட்டிகளில் நிறப் பாகுபாடு செல்லும் என்று மற்ற நீதிபதிகள் கூறியபோது, அரசியல் சட்டத்திற்கு நிறம் தெரியாது என்று தனித்து நின்று முழங்கியவர்! புகைவண்டியில் தெரியாத நிறம் பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிட்டது போலும். 'தனி, ஆனால் சமம்' என்பது 1896இன் பித்தலாட்டம். 1899இல் அந்தச் 'சம'மும் போயிற்று. 'தனி' மட்டுமே மிஞ்சியது. 1927இல் மிசிசிப்பி மாநிலத்தில் சீனக் குடும்பத்துச் சிறுமி ஒருத்திக்கு வெள்ளையர் பள்ளி மறுக்கப்பட்டபோதும் உச்ச நீதிமன்றம் அகஸ்டா தீர்ப்பைச் சான்றாய்க் காட்டிற்று. 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்பு வரை பள்ளிகளில் இந்தப் பாகுபாடு சட்டத்தின் நிழலில் வாழ்ந்தது.

ஆகவே லேனியின் வீட்டைத் தனிமனித முயற்சியின் வெற்றிச் சின்னம் என்று மட்டும் கூறிக் கைதட்டிப் போவோமானால், அந்தக் கல்வி வாரியத்தின் வாதத்தையே நாமும் ஒப்புக்கொண்டவர்கள் ஆவோம். முயற்சியைப் போற்றுகிறோம், ஆனால் முயற்சி உரிமைக்கு மாற்றன்று. ஈகையால் எழுந்த பள்ளி நூறு இருந்தாலும், மக்கள் வரிப்பணத்தில் மக்கள் எல்லார்க்கும் பள்ளி வைக்கும் கடமையிலிருந்து அரசு விடுபட முடியாது. கல்வி பிச்சையன்று, பங்கு!

லேனி இதை உணர்ந்திருந்தார். அதே 1899இன் சூலைத் திங்களில், வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் கூடிய மாநாட்டில், படித்த கருப்பினப் பெண்ணின் சுமை என்னும் தலைப்பில் உரையாற்றினார். அடிமை முறை விட்டுச் சென்ற அறியாமையும் இழிவும், சூழ்ந்து நிற்கும் நிறவெறியும் ஆகிய சுமைகளை எடுத்துக் காட்டி, முன்பள்ளி முதல் பொதுமேடை வரை படித்த பெண் முன்வந்து நிற்க வேண்டும் என்றார். பள்ளியோடு நில்லாமல், கருப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் தேசியச் சங்கத்தின் அகஸ்டா கிளை 1918இல் தோன்றவும் துணை நின்றார். பெற்றதைக் கற்பித்தார், பெறாததைக் கேட்கவும் கற்பித்தார்.

விளைந்த பயிரைப் பாருங்கள். 1912 அளவில் ஹெய்ன்ஸ் பள்ளியில் ஆசிரியர் 34 பேர்; மாணவர் ஏறத்தாழ 900 பேர். மேரி மக்லியோட் பெத்யூன் என்னும் இளம் ஆசிரியை 1896 வாக்கில் இங்கே பணியாற்றி, லேனியிடம் பள்ளி நடத்தும் கலையைக் கண்டறிந்தார். 1904இல் ஃபுளோரிடாவின் டேட்டோனாவில் ஒன்றரை டாலர் கைப்பொருளோடு தாமும் ஒரு பள்ளி தொடங்கினார். அது இன்று பல்கலைக்கழகம். ஹெய்ன்ஸ் பள்ளியில் 1933இல் தேர்ச்சி பெற்ற ஃபிராங்க் யெர்பி, 1946இல் வெளியிட்ட முதல் புதினம் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

ஏழாவது தெருச் செங்கல் வீட்டுச் சிறுவன் என்னவானார்? 1913 மார்ச் 4ஆம் நாள் குடியரசுத் தலைவராய்ப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே அவருடைய அமைச்சர்கள், அவர் ஒப்புதலோடு, நடுவண் அரசின் அஞ்சல் துறையிலும் கருவூலத்திலும் கருப்பின ஊழியரைத் தனியே பிரித்து அமர்த்தினர். 1914இல் நேரில் சென்று நியாயம் கேட்ட வில்லியம் மன்றோ டிராட்டரிடம், பிரித்து வைப்பது இழிவன்று, நன்மையே என்று வாதிட்டார் வில்சன். டிராட்டரின் குரல் தமக்குப் பிடிக்கவில்லை என்று அவரை வெளியேற்றினார். உலகுக்கு மக்களாட்சி பேசிய வாய் அது!

வில்சன் பதவியேற்பதற்கு முந்தைய நாள், 1913 மார்ச் 3ஆம் நாள், அதே வாஷிங்டன் தெருக்களில் பெண்கள் வாக்குரிமை கேட்டுப் பேரணி நடத்தினர். அவ்வணியில் நடந்தவர்களுள், ஹோவர்ட் பல்கலைக்கழகக் கருப்பின மாணவியர் 22 பேர் அவ்வாண்டு சனவரியில் நிறுவிய டெல்டா சிக்மா தீட்டா சங்கத்தினரும் இருந்தனர். காலம் சுழன்றது. லேனி 1933 அக்டோபரில் மறைந்தார். தம் பள்ளி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஹெய்ன்ஸ் பள்ளி 1949இல் மூடப்பட்டது. பழைய கட்டடங்கள் மறைந்தன. அவ்விடத்தில் லேனி பெயர் தாங்கிய பொது உயர்நிலைப் பள்ளி எழுந்தது. ஆம், ஒருநாள் மறுக்கப்பட்ட பொதுப்பள்ளி, அவர் கல்லறைக்கு அருகிலேயே வந்து நின்றது! 1974இல், ஜிம்மி கார்ட்டர் ஆளுநராயிருந்தபோது, ஜார்ஜியாவின் சட்டமன்ற மாளிகையில் முதன்முதலாகக் கருப்பினத்தவர் மூவர் படங்கள் ஏறின: மார்ட்டின் லூதர் கிங், ஹென்றி மக்நீல் டர்னர், லூசி கிராஃப்ட் லேனி. அந்த மாநிலத்தின் சட்டமன்றம்தான் எழுத்துக்குக் கசையடி வகுத்தது என்பதை மறவாதீர்! பிலிப்ஸ் தெரு வீட்டைக் காப்பாற்றியது யார்? அரசன்று. அன்று வாஷிங்டன் தெருக்களில் நடந்த அதே டெல்டா சங்கத்தின் அகஸ்டா உறுப்பினர் சார்ந்த டெல்டா ஹவுஸ் என்னும் அமைப்பே அவ்வீட்டைச் சீர்செய்து, 1991இல் அருங்காட்சியகமாய்த் திறந்தது.

2020இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், தன் பொதுக் கொள்கைப் பள்ளியின் பெயரிலிருந்து வில்சனின் பெயரை நீக்கியது. 2022இல் வாஷிங்டன் தலைநகர் மாளிகையின் சிலை மண்டபத்தில், அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி ஒருவரின் சிலை இருந்த இடத்தில், லேனியின் வழிவந்த பெத்யூனின் சிலை நிறுவப்பட்டது. சிலைகள் தாமே நடப்பதில்லை. மக்கள் நடந்தால்தான் நடக்கும்.

வில்சன் வீட்டை இடியுங்கள் என்பதன்று நம் வாதம். இரண்டு வீடுகளும் நிற்கட்டும்! ஒன்றை மட்டும் பார்ப்பவன் புகழ்ச்சியைக் காண்பான். இரண்டையும் பார்ப்பவனே வரலாற்றைக் காண்பான். எந்த நினைவில்லத்தின் படியில் ஏறினாலும் இளைஞர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இதைக் கட்டியவன் யார்? இதற்குள் நுழைய மறுக்கப்பட்டவன் யார்? அவன் வீடு எங்கே? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காத ஊர்களே உலகில் மிகுதி. அகஸ்டாவில் விடை கிடைத்தது. அதைப் பெண்கள் சிலர் தேடிச் சென்று காத்துக்கொண்டதால் கிடைத்தது.